வணிகத்துக்கு இடம் ஒதுக்குதல்: பெட்டிக்கடை முதல் மொத்தச் சந்தை வரை

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் வணிகத்துக்கு நீல நிறம். பால் பாக்கெட்டும் தீப்பெட்டியும் விற்கும் தெருமுனைக் கடைக்கும் நீலம்தான். விடிய விடிய லாரிகள் வந்து இறக்கும் காய்கறிச் சந்தைக்கும் அதே நீலம்தான். வளரும் ஊர்களில் நாம் பார்க்கும் குளறுபடிகளில் பாதி இந்த ஒற்றை நிறத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு அளவு வணிகமும் சாலையிடமும் சாக்கடையிடமும் அக்கம்பக்கத்து வீடுகளிடமும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். அதைப் பிரித்துப் பார்க்காமல் ‘இங்கே வணிகம் வரலாம்’ என்று மட்டும் எழுதி வைத்தால், எது அதிக வாடகை கொடுக்குமோ அதுதான் வந்து உட்காரும்.

நகராட்சி உறுப்பினர்கள், வணிகர் சங்கத்தார், மனைப்பிரிவு போடுகிறவர்கள், உள்ளூர் திட்டக் குழுமத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருகின்றன. அந்நகரம் சரியாகச் செய்ததும் தவறவிட்டதும் கண்முன் கிடக்கின்றன. கோவை, திருப்பூர், ஓசூர் போன்ற ஊர்கள் இன்று அதே கேள்விகளுக்கு முன்னால் நிற்கின்றன.

எதைக் கொண்டு அளப்பது

சதுர அடியை வைத்து வணிகத்தின் அளவை முடிவு செய்யக் கூடாது. ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவில் நாலு பேர் நின்றால் நிறைந்துபோகும் ஜவுளிக் கடை ஒன்று வெளிமாவட்டக் கடைகளுக்கெல்லாம் துணி அனுப்பிக்கொண்டிருக்கும். புறநகர்ச் சாலையில் இரண்டு மாடி மரச்சாமான் கடைக்கு நாளெல்லாம் பத்து வாடிக்கையாளர் வந்தால் அதிகம். பரப்பைப் பார்த்தால் இரண்டாவதுதான் பெரியது. தெருவின் மேல் அது சுமத்தும் பாரத்தைப் பார்த்தால் முதல் கடைதான் பெரியது.

இரண்டு கேள்விகள் போதும். வாங்குகிறவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? சரக்கு எந்த வண்டியில் வந்து இறங்குகிறது?

பாலுக்கும் மாவுக்கும் நாள்தோறும் வருவார்கள், நடந்து வருவார்கள். காய்கறிக்கும் மளிகைக்கும் வாரத்தில் ஒன்றிரண்டு முறை. இரு சக்கர வண்டி போதும். துணிமணிக்கு ஆடியிலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கல்யாண நகைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குடும்பத்தோடு, பேருந்தோ ரயிலோ காரோ பிடித்து. எவ்வளவு அபூர்வமாக வாங்குகிறோமோ அவ்வளவு தொலைவு போகத் தயாராக இருக்கிறோம். ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் மைய ஊர்களைப் பற்றி எழுதிய கோட்பாட்டின் அடிப்படையும் இதுதான். சரக்கின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே படிகள் தெரியும்: சைக்கிள், மீன்பாடி வண்டி, குட்டியானை, ஆறு சக்கர லாரி, கன்டெய்னர்.

உங்கள் ஊரில் ஒரு கடைவீதியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் எண்ணிப் பாருங்கள்: ஒரு சாதாரண வார நாள், ஒரு சனிக்கிழமை மாலை, முகூர்த்தத்துக்கு முந்தைய ஒரு நாள். வருகிறவர்களில் சிலரை நிறுத்தி எங்கிருந்து வருகிறார்கள், எதில் வந்தார்கள் என்று கேளுங்கள். சரக்கு வண்டிகளை அதிகாலை நான்கு மணியிலிருந்து எண்ணுங்கள். பத்து மணிக்குப் போய் நின்றால் பாதி வண்டி திரும்பிப் போயிருக்கும். விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் இதற்கு வேண்டாம். பாலிடெக்னிக் மாணவர்கள் ஆறு பேர் இருந்தால் வேலை முடிந்துவிடும்.

தெருமுனை

மிகச் சிறிய அளவைத்தான் திட்டமிடுகிறவர்கள் மிக அதிகமாகப் புறக்கணிக்கிறார்கள். எதிர்த்துக் குரல் கொடுக்க அந்த வியாபாரிக்கு ஆளில்லை என்பதே காரணம்.

தில்லி இந்த அளவுகளை அடுக்கடுக்காக எழுதி வைத்த நகரம். சுமார் 5,000 பேருக்கு ஓர் அன்றாடக் கடைத்தொகுதி, ஒரு லட்சம் பேருக்குச் சமூக மையம், ஐந்து லட்சம் பேருக்கு மாவட்ட மையம் என்று அதன் பெருந்திட்டம் கணக்கிட்டது. இன்று கணினிச் சந்தையாகப் பெயர் பெற்றிருக்கும் நேரு பிளேஸ் அப்படி வந்த மாவட்ட மையம்தான். ஏட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரசு கடை கட்டி ஒப்படைத்த வேகத்தை விட மக்கள் குடியேறிய வேகம் அதிகமாக இருந்தது. வீட்டின் முன்னறைகள் கடைகளாயின. 2006-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அவற்றுக்குச் சீல் வைக்கத் தொடங்கியபோது நகரமே கொந்தளித்தது. கடைசியில் அதே ஆண்டு 2,000-க்கும் மேற்பட்ட தெருக்களைக் கடை நடத்தத் தகுந்தவை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. தெருமுனைக் கடையை அரசு கட்டித் தர வேண்டியதில்லை, சரியான இடத்தில் அனுமதித்தால் போதும் என்ற பாடத்தைத் தில்லி மிகுந்த செலவில் கற்றது.

மனைப்பிரிவு வரைபடம் மேசைக்கு வரும்போதே செய்ய வேண்டியது: எந்த வீட்டிலிருந்தும் 400 மீட்டர் நடைக்குள் நாலைந்து கடை அமையும்படி, உட்சாலைகளில் அகலமானவற்றின் மூலை மனைகளைக் குறித்து வையுங்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு என்று அனுமதியுங்கள். எல்லா மனைக்கும் இந்தச் சலுகை கொடுத்தால் தெருவே கடைவீதியாகும். எதற்கும் கொடுக்காவிட்டால் பால் வாங்க ஒரு மூதாட்டி நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். வெல்டிங் பட்டறை, எரிவாயு சிலிண்டர் கிடங்கு, பெரிய உணவக அடுப்பு ஆகியவை இந்த மூலைகளுக்கு வேண்டாம்.

தள்ளுவண்டிக்காரர்களும் இந்த அளவைச் சேர்ந்தவர்களே. 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களைப் பட்டியலிட்டுச் சான்று கொடுக்கச் சொல்கிறது, மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை இடமளிக்கச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவைக் கூட்டாமல் நடைபாதையைக் காலி செய்கிற நகராட்சி சட்டத்துக்குப் புறம்பாக நடக்கிறது. அவர்களை அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றுவது நல்ல தீர்வுபோலத் தோன்றும். போகிற போக்கில் பார்த்து வாங்குகிற பூவையும் கொய்யாவையும் கைக்குட்டையையும் தேடி யாரும் மாடி ஏறமாட்டார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அதே நடைவழியில், தரைமட்டத்தில், ஐம்பது நூறு அடிக்குள் மாற்றுங்கள்.

கடைவீதி: தியாகராய நகர் சொல்வது

1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் வீடுகளுக்காகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது தியாகராய நகர். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, தோட்டம் சூழ்ந்த வீடுகளுக்கேற்ற மனைகளும் அதற்கேற்ற சாலைகளும் போட்டார்கள். அருகே மாம்பலம் ரயில் நிலையம் இருந்தது. பிறகு பேருந்து நிலையமும் வந்தது. இரண்டுக்கும் இடையே நடக்கிற கூட்டத்தை நம்பி ரங்கநாதன் தெரு வளர்ந்தது. பாத்திரம், பட்டு, நகை, சீர்வரிசை என்று கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் நடக்கிற தொலைவில் கிடைத்ததால் வெளியூர்க் குடும்பங்கள் காலையில் ரயிலேறி வந்து மாலையில் மூட்டைகளோடு திரும்பின. வணிகமாகப் பார்த்தால் இது பெரிய வெற்றி; சில்லறை வியாபாரம் என்றால் என்ன என்று நாட்டுக்கே காட்டிய தெரு அது.

தெருவின் அகலம் மட்டும் மாறவில்லை. அனுமதி பெற்றது ஒன்று, எழுந்தது வேறொன்று என்று மாடிகள் உயர்ந்தன. மீறிக் கட்டியதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள். மீறினால் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை அப்போது வேரூன்றியது. என் பார்வையில் தமிழ்நாட்டு நகரமைப்புக்கு நேர்ந்த பெருங்கேடு அது. 2011 அக்டோபர் இறுதியில் இந்தப் பகுதியில் பல கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையின் பெரிய ஜவுளிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. ஒரு பகுதி சரிந்து விழுந்தது, மிச்சத்தை இடித்தே அகற்ற வேண்டியிருந்தது. விடியற்காலையில் பிடித்த தீ அது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஒருநாளும் மறக்கக் கூடாது.

பிறகு நல்ல வேலைகளும் நடந்தன. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்துச் சுமார் 570 மீட்டர் நீள நடைமேம்பாலம் வந்தது. இரண்டையும் மனமாரப் பாராட்டலாம். ஆனால் கூட்டம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு செய்த வேலைகள் இவை. உங்கள் ஊர்க் கடைவீதி இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, மாடிகளின் எண்ணிக்கைக்கும் தெருவின் அகலத்துக்கும் உள்ள பிணைப்பு. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரம் தாண்டாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. தாண்டும் உயர்மாடிக் கட்டடத்துக்கு, சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால், 3.25 வரை. இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி என்றால், குறியீடு 2-இல் 9,600 சதுர அடி கட்டலாம். விதி அனுமதிக்கிற உச்சவரம்பு இது. அந்தத் தெரு தாங்குமா என்பது வேறு கணக்கு. விரிவான வளர்ச்சித் திட்டத்தில் தெருவாரியாக அதைக் குறைக்கவும் சாலையை அகலப்படுத்த இடம் ஒதுக்கவும் வழியுண்டு; கடைகள் எழும்பிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டாவது, தீயணைப்பு வண்டி. கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடத்தில் ஜெனரேட்டரும் அட்டைப்பெட்டிகளும் தகரக் கூரையும் ஏறிவிடும். ஆண்டுக்கு இருமுறை உண்மையான தீயணைப்பு வண்டியை அந்தத் தெருவில் ஓட்டிப் பாருங்கள். நுழைய முடியாத இடம் அன்றே தெரிந்துவிடும்.

மூன்றாவது, சரக்கு இறக்கும் நேரம். காலை எட்டு மணிக்கு முன் அல்லது இரவு பத்துக்கு மேல் என்று வணிகர் சங்கத்தோடு பேசி எழுத்தில் முடிவெடுங்கள். பேசாமல் போட்ட தடை ஒரு மாதம்கூட நிற்காது.

நான்காவது, அங்கே வேலை செய்கிறவர்கள். கடைவீதித் திட்டம் என்றாலே வாடிக்கையாளரின் கார் எங்கே நிற்கும் என்ற பேச்சுதான். பத்து பன்னிரண்டு மணிநேரம் நின்றே வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, இரவில் தங்குமிடம் எங்கே, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. உட்காரும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்ட தொழில் இது. ஆகவே பொதுக் கழிப்பறையையும் பணிபுரியும் மகளிர் விடுதியையும் திட்டத்தில் வரைந்து காட்டாமல் ஒரு கடைவீதித் திட்டத்துக்கும் ஒப்புதல் தராதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. தி.நகர் தாங்காது என்பதை அரசுக்கு முன்பே அங்குள்ள பெருங்கடைக்காரர்கள் உணர்ந்துகொண்டார்கள். புரசைவாக்கம், பாடி, போரூர், குரோம்பேட்டை என்று கிளை விரித்தார்கள். அந்த இடங்களை முன்கூட்டியே இரண்டாம் மையங்களாகக் குறித்து, பேருந்தும் நடைபாதையும் வாகன நிறுத்தமும் போட்டு வைத்திருந்தால், இன்று அங்கே நாம் பார்க்கும் நெரிசலில் பெரும்பகுதி இருந்திருக்காது. உங்கள் ஊரில் முதல் மையம் நிரம்புவதற்கு முன்பே இரண்டாவதையும் மூன்றாவதையும் குறித்துவிடுங்கள்.

மொத்தச் சந்தை

கொத்தவால் சாவடியில் காய்கறி லாரிகள் ஜார்ஜ் டவுனின் சந்துகளை அடைத்துக்கொண்டு நின்ற காலம் 1996-இல் முடிந்தது. நகருக்கு மேற்கே, நூறடிச் சாலையை ஒட்டிக் கோயம்பேட்டில் சுமார் 295 ஏக்கரில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் புதிய சந்தையைத் திறந்தது. காய், கனி, பூ என்று தனித்தனிப் பகுதிகள். இரும்பு வியாபாரத்துக்குச் சாத்தாங்காடு, லாரிகளுக்கு மாதவரம் என்று இதே குழுமம் வேறு இடங்களையும் உருவாக்கியது. மொத்த வணிகத்தை நகரின் மையத்திலிருந்து வெளியேற்றும் முடிவு சரியானது. அந்தத் துணிச்சல் இல்லாத ஊர்கள் இன்றும் தங்கள் பெரிய கடைவீதிகளில் அவதிப்படுகின்றன.

ஆனால் விளிம்பு என்று தேர்ந்தெடுத்த இடம் விளிம்பாகவே இருக்காது. 2002-இல் பக்கத்திலேயே புறநகர்ப் பேருந்து நிலையம் வந்தது, பிறகு மெட்ரோ வந்தது, சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்தன. மொத்தச் சந்தைக்குள் கிலோ கணக்கில் வாங்கவும் ஆட்கள் நுழைந்தார்கள். 2020 மே மாதம் கோயம்பேடு பெருந்தொற்றுப் பரவலின் மையமானபோது, மொத்தமும் சில்லறையும் ஒரே கூரையின் கீழ் கலந்ததன் விலை மாநிலம் முழுவதும் தெரிந்தது. சந்தையை மூடி, வியாபாரத்தை அவசர அவசரமாகத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள்.

புதிய மொத்தச் சந்தைக்கு இடம் பார்க்கிறவர்கள் இன்றைய தேவையைப் போல இருமடங்கு நிலத்தைக் கேளுங்கள். வெளிவட்டச் சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் நேரடி வழி இருக்க வேண்டும். குடியிருப்பு வழியாக ஒரு லாரியும் போகக் கூடாது. கிரயம் முடிவதற்கு முன் ஒரு கன்டெய்னர் லாரியை வாடகைக்கு எடுத்து, போகும் வழியில் எங்கெங்கே திரும்பத் திணறுகிறது என்று பாருங்கள். அழுகிய காய்கறிக்கு என்ன ஏற்பாடு என்பதை முதல் நாளே எழுதுங்கள். சுமைப்பணித் தொழிலாளர்கள் இரவில் வேலை செய்து பகலில் தூங்குகிறவர்கள். அவர்களுக்கு நிழலும் குளியலறையும் வேண்டும். சில்லறை வாங்க வருகிறவர்களுக்குத் தனி வாசலோடு தனிப் பகுதி ஒதுக்குங்கள், அவர்கள் எப்படியும் வருவார்கள். பழைய சந்தை காலியாகும் இடத்தை என்ன செய்வது என்பதையும் அதே கோப்பில் முடிவு செய்யுங்கள்.

மாலும் அலுவலகமும்

இவை பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. பணம், கட்டடக் கலைஞர், வழக்கறிஞர் எல்லாம் இவற்றைக் கட்டுகிறவர்களிடமே உண்டு. நகரம் தன் பக்கத்தைக் காத்துக்கொண்டால் போதும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்கீடு உண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணமாக வாங்கக் கூடாது, நிலமாகவே தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்த நிலத்தை மனையின் பின் மூலையில் காட்டுவார்கள். சாலையைப் பார்த்தபடி முன்னால் கேளுங்கள், மக்கள் உட்காரும் இடமாகட்டும்.

அலுவலக வளாகத்துக்கு ஒரே இரண்டு மணிநேரத்தில் எல்லோரும் வருவார்கள், ஒரே இரண்டு மணிநேரத்தில் போவார்கள். 2000-இல் டைடல் பூங்கா திறந்தது முதல் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் நிறைந்தன; அந்தச் சாலைக்கான மெட்ரோ வேலை தொடங்க இருபது ஆண்டுக்கு மேலாயிற்று. அதற்குள் தண்ணீர் லாரியும் நிறுவனப் பேருந்துமே அந்தச் சாலையின் அடையாளமாகிவிட்டன. ரயிலோ அடிக்கடி ஓடும் பேருந்தோ இல்லாத இடத்தில் பெரிய அலுவலகத்துக்கு அனுமதி தருவது கடன் வாங்குவது போன்றது. வட்டியை நகரம் கட்டும்.

ஒரு கணக்கு

உங்கள் நகரின் புதிய விரிவாக்கப் பகுதியில் 50,000 பேர் குடியேறப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 12,500 குடும்பங்கள். 5,000 பேருக்கு ஒன்று என்று பத்து இடங்களில் தெருமுனைக் கடைத்தொகுதிகள். காய்கறி, மீன், இறைச்சிக்கு ஒரு தினச்சந்தை, முடிந்தால் உழவர் சந்தையோடு சேர்த்து. பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டி 18 மீட்டர் சாலையில் ஒரே ஒரு கடைவீதி. தெரு வியாபாரிகள் சட்டத்தின் உச்ச அளவில் 1,250 பேர். நிற்கிறவருக்கும் சேர்த்து ஆளுக்கு 4 சதுர மீட்டர் என்றால் 5,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். அதை ஒரே திடலாகக் கொடுக்காமல் பள்ளி, பேருந்து நிறுத்தம், கோயில், மருத்துவமனை வாசல்களில் பிரித்துக் கொடுங்கள். மொத்தச் சந்தை இங்கே வேண்டாம். அது நகரம் முழுமைக்கும் ஒன்று. மாவட்ட அளவில் முடிவாக வேண்டியது.

மிச்சமிருப்பது நெடுஞ்சாலை ஓரம். அங்கேதான் சர்வே எண் வாரியாக நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு மனுக்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதையும் மறுக்கக் காரணம் இருக்காது. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் சாலை முழுக்க வாசல்களாக இருக்கும். சர்வீஸ் சாலைக்கு நிலம் விட்டு, பின்தெருவிலிருந்து நுழைவு வைத்தால் மட்டும் மாற்றம் என்று ஒரே நிபந்தனையை எல்லோருக்கும் போடுங்கள். இதில் செல்வாக்குள்ள ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் அடுத்தவரிடம் நிபந்தனையைச் சொல்ல முடியாது.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஆம் ஆண்டு வரைக்குமானது. அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாவது திட்டத்துக்குப் பணிகள் நடக்கின்றன. மற்ற ஊர்களிலும் பழைய திட்டங்களைப் புதுப்பிக்கிறார்கள். வரைவு வெளியானதும் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்டு அறிவிப்பு வரும். பெரும்பாலும் மனை விற்கிறவர்கள் மட்டுமே அதற்குப் பதில் எழுதுகிறார்கள். உங்கள் தெருவில் எண்ணிய எண்ணிக்கையையும் மேலே போட்ட கணக்கையும் இணைத்து, வணிகர் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் தெரு வியாபாரிகளும் சேர்ந்து கையெழுத்திட்டு, கெடு முடிவதற்குள் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.